போதை மீட்பு: முதல் வாரமும் அடுத்த ஓராண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டார் என்று தெரிந்ததும் நம் பக்கத்தில் எழும் முதல் கேள்வி, "எந்த சென்டர்ல சேர்க்கலாம், எத்தனை நாள் வச்சுக்குவாங்க?" என்பதுதான். தோட்டை அடகு வைத்து, மகளிர் குழுவில் கடன் வாங்கி, மூன்று மாதத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆள் சதை போட்டு, முகம் தெளிந்து வீடு திரும்புகிறார். சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுகிறது. "அந்த சென்டர் சரியில்ல, வேற பாக்கலாம்" என்று மறுபடி அடகுக் கடை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநோய் சிகிச்சைப் பணியில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கோளாறு பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தின் இரு ஓரங்களிலும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான முதல் வாரத்தில் பக்கத்தில் மருத்துவர் இருப்பதில்லை. வீடு திரும்பிய பிறகு வரும் ஓராண்டில் மருந்தும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை. காசு முழுக்க நடுவில் இருக்கும் பூட்டுக்குப் போகிறது.

முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக் கடையில் வாங்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி; பிராந்தி, ரம் என்றால் அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம். தினம் இரண்டு குவார்ட்டர் என்று பல ஆண்டு ஓடியவரின் மூளை, அந்த 120 கிராமை எதிர்பார்த்தே வேலை செய்யப் பழகியிருக்கும். மது மூளையைத் தணிக்கும் பொருள். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தை ஏற்றி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் தணிப்பது போய்விடும், ஏற்றிய வேகம் அப்படியே நிற்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரம் முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டுவது இதனால்தான். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். மூன்றாம் நாளை ஒட்டி, 48 மணிக்கும் 96 மணிக்கும் இடையே, சிலருக்கு ஜன்னி காணும். இடம் தெரியாது, ஆள் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிய்ப்பார். சென்ட்ரிங் வேலைக்காரராக இருந்தால், இல்லாத கம்பியை இல்லாத கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டே இருப்பார்; லாரி ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்து கியர் மாற்றுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். அதே நேரத்தில் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும், நாடி தெறித்துக்கொண்டிருக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிர் போகக்கூடிய கட்டம் இது.

இதற்கான மருந்து ஒன்றும் அரிதானதல்ல. குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். தொடக்கத்தில் நோயின் கடுமைக்கு ஏற்ற முழு அளவு, பிறகு நாளுக்கு நாள் குறைத்து, சாதாரணமாக 5 முதல் 7 நாளில் நிறுத்தம். சில மணிக்கு ஒருமுறை நடுக்கத்தையும் வியர்வையையும் நாடியையும் பார்த்து மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்ற ஒரு செவிலியர் வேண்டும். ராத்திரியிலும் வேண்டும். ராத்திரியில் காவலாளி மட்டும் இருக்கும் இடத்தில் இந்த வாரத்தைக் கழிப்பது சூதாட்டம்.

நம் ஊர்களில் சர்வசாதாரணமாக நடக்கும் இன்னொரு தவறு, குடித்துச் சோர்ந்து கிடப்பவருக்கு உடனே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. "ட்ரிப் ஏத்தினா தெளிஞ்சிடுவான்" என்று வீட்டாரே கேட்டு வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி-1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க அந்த தயமின் தேவை. மிச்சம் மீதி இருந்ததும் அதில் செலவாகிவிட்டால் மூளை பாதிக்கப்படும்: கண் அசைவு தடுமாறும், கால் அகட்டித் தள்ளாடும், பேச்சு குழம்பும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு "இன்னும் போதை தெளியல" என்று படுக்க வைத்துவிடுவார்கள். இரண்டொரு நாள் தாமதமானால், காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில்லாத நிலை நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். ஆகவே முதலில் தயமின் ஊசி, அதன் பிறகு குளுக்கோஸ். "பி-1 ஊசி போட்டாச்சா?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கார்த்திகை மாதம் வந்தால் இந்த முதல் வாரப் பிரச்சினை தனி வடிவம் எடுக்கும். சபரிமலைக்கு மாலை போடும் நாளில் சட்டென்று குடியை நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். மறுநாள் பூஜையில் வலிப்பு வந்தால் சாமி வந்துவிட்டது என்கிறார்கள். மூன்றாம் நாள் பிதற்றினால் விரதத்தில் குற்றம் என்று பரிகாரம் தேடுகிறார்கள். எங்கள் யோசனை, மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வந்து, மருந்தோடு நிறுத்திவிட்டு மாலை போடட்டும் என்பது. மண்டலம் முழுக்கத் தொடாமல் இருக்கத் தெரிந்தவருக்கு மனஉறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாலையைக் கழற்றும் நாளுக்கு முன்பே அடுத்த கட்ட மருந்தை ஆரம்பித்துவிட்டால் அந்த 41 நாளும் வீணாகாது.

அதேபோல் தொப்பூர் கணவாய்ப் பக்கம் விபத்தில் கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்திருப்பவர் மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடப் பார்க்கிறார் என்றால், தலையில் அடி பட்டதால்தான் என்று மட்டும் நினைக்காதீர்கள். சேர்க்கும்போதே "தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மானம் பார்த்து மறைப்பதால் வரும் சிக்கல்தான் அதிகம். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், வாயில் கரண்டி வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட்டால் போதும்.

எல்லோருக்கும் படுக்கை தேவை என்பதில்லை. மிதமாகக் குடிப்பவர், முன்பு வலிப்போ ஜன்னியோ கண்டதில்லை, வேறு பெரிய நோய் இல்லை, வீட்டில் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொடுக்கப் பொறுப்பான ஆள் உண்டு என்றால், ஓ.பி.யில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டிலேயே நிறுத்தலாம். முதல் சில நாள் தினமும் மருத்துவமனைக்கு வந்து காட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் கட்டிங் போடாமல் பல் விளக்க முடியாதவர், கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்று முந்தின ராத்திரியே வாங்கித் தலைமாட்டில் வைப்பவர், பேரிகை, தளி பக்கம் எல்லை தாண்டி 90 மில்லி பாக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொள்பவர், மஞ்சள் காமாலை கண்டவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், சாக வேண்டும் என்று பேசுகிறவர் ஆகியோர் வீட்டிலும் வேண்டாம், மருத்துவர் இல்லாத மையத்திலும் வேண்டாம். நேரே மருத்துவமனை உள்நோயாளிப் பிரிவு.

அடுத்து அந்தப் பூட்டு. ராத்திரி மையத்து வேன் வரும். நான்கு பேர் இறங்குவார்கள். கை காலைக் கட்டித் தூக்கிப் போவார்கள். போகும்போது வீட்டாரே கும்பிட்டு அனுப்புகிறார்கள், அவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள். ஆனால் சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஒருவரைச் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமானால் பிரிவு 89இன்படி, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பரிசோதித்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாத நிலை என்று பதிய வேண்டும். அதற்கும் உச்சவரம்பு 30 நாள். அதைத் தாண்டினால் பிரிவு 90இன்படி மறுபடி பரிசோதனை, மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதல். "90 நாள் பேக்கேஜ்" என்று முன்கூட்டியே பூட்டி வைக்க இதில் இடமே இல்லை. சங்கிலியால் பிணைப்பதைப் பிரிவு 95 அறவே தடுக்கிறது. தனி அறையில் அடைப்பதைப் பிரிவு 97 தடுக்கிறது. கட்டாயமாக மொட்டை அடிப்பது, சீருடை மாட்டச் சொல்வது, சம்பளம் இல்லாமல் சமையல், கக்கூஸ் வேலை வாங்குவது எல்லாமே பிரிவு 20இன் கீழ் குற்றம் சொல்லத்தக்கவை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மையம் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறை டைல்ஸைப் பார்க்காதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருவார், ராத்திரி செவிலியர் யார் என்று பெயரோடு கேளுங்கள். சேர்க்கும் அன்றே கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, சோடியம் - பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்களா? மருந்துச் சீட்டின் நகல் கையில் தருவார்களா? "எங்க மருந்து ரகசியம்" என்று சொல்லும் இடத்திலிருந்து அப்படியே திரும்பிவிடலாம். முதல் மாதம் போனில் பேசக்கூடாது, பார்க்க வரக்கூடாது என்பதும் சிகிச்சை விதி ஆகாது. உறவினரோடு பேசுவது பிரிவு 26 தரும் உரிமை. ஜன்னல் கம்பி, ஒரே கதவு, அதற்கு வெளியே பூட்டு என்றால் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். நல்ல மையங்கள் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியில் நடக்கும் மறுவாழ்வு மையங்களில் சிகிச்சை இலவசம். 14446 என்ற இலவச எண்ணில் அருகில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இனி வீடு திரும்பிய பிறகு. நாங்கள் அதிகம் ஆதங்கப்படுவது இங்கேதான்.

மூன்று மாதம் குடிக்காமல் இருந்தது, குடிக்க வழியில்லாத இடத்தில். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கூலி தரும் இடம், பெங்களூரு வேலைக்குப் போகிறவர்கள் தங்கும் ஷெட், பங்காளி வீட்டுச் சாவு, மாரியம்மன் பண்டிகை, ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகும் வேன் ஆகிய எதிலும் அவர் இன்னும் குடிக்காமல் இருந்து பழகவில்லை. ஆகவே வெளிவந்த முதல் மூன்று மாதம்தான் சறுக்கும் காலம். கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுவது, முதல் ஆறு மாதம் ஊர்ப் பண்டிகையில் சாமி கும்பிட்டதும் கிளம்பிவிடுவது, வேலை முடிந்து வந்ததும் பசியோடு உட்காராமல் உடனே சாப்பிடுவது ஆகியவை கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பசியும் அசதியும் கையில் காசும் ஒன்றாகச் சேரும் அந்த அந்தி நேரத்தில்தான் பெரும்பாலான சறுக்கல். குடிக்க வேண்டும் என்ற வேகம் வந்தால் பெரும்பாலும் அரைமணிக்குள் தணிந்துவிடும்; அந்த அரைமணிக்கு யாரோடு இருப்பது, எங்கே போவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

தூக்கம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சரியாக வராது. இது எதிர்பார்க்க வேண்டியது. இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அவர் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் டயசெபாமோ அல்பிரசோலமோ வாங்க ஆரம்பிப்பார். ஆறு மாதத்தில் குடியோடு மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். முதல் வார மாத்திரை முதல் வாரத்துக்கு மட்டும்தான்.

தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்துகள் வேறு. நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் தினம் ஒன்று, குடிக்கும் ஆசையையும் குடித்தால் கிடைக்கும் கிளர்ச்சியையும் குறைக்கும். கல்லீரலைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். அகம்ப்ரோசேட் 333 மில்லிகிராம், இரண்டு இரண்டாக மூன்று வேளை, நாளுக்கு ஆறு. சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை எடுக்க வேண்டியதை, "இப்பதான் குடிக்கறதில்லையே" என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை நோய்க்காரரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

டைசல்ஃபிராம் என்ற மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம், நாளிதழ் வரி விளம்பரங்களிலும்கூட, "குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்" என்று வருகிறதே, அதில் தரும் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இந்த மாத்திரையாகவும் இருக்கலாம். சாம்பாரிலும் தோசை மாவிலும் கலந்து போடுகிறார்கள். டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது மது குடித்தால், மது உடைந்து உண்டாகும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சு வெளியேறாமல் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு மரணம்கூட நேரலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. ஆகவே தெரியாமல் கொடுப்பது கொடுமை. தெரிந்து, சம்மதித்து, இதயமும் கல்லீரலும் பரிசோதித்து, கடைசியாகக் குடித்து ஒரு நாளாவது கழித்துத் தொடங்கி, தினம் காலையில் மனைவியோ அம்மாவோ முன்னால் 250 மில்லிகிராம் விழுங்கினால், அதே மருந்து நன்றாக வேலை செய்கிறது. காலை ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் அந்த நாள் முழுக்கத் தன்னோடு போராட வேண்டியதில்லை என்பதே இதன் சூட்சுமம். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பையும் சில டானிக்கையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் சறுக்கிவிட்டால் வீடே இடிந்ததுபோல் ஆகிவிடுகிறது. மறுநாளே ஓ.பி.க்கு அழைத்து வந்தால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். சண்டை போட்டு ஒரு வாரம் விட்டால்தான் பழைய அளவுக்குப் போகும்.

வலி மாத்திரை, ஊசி போதைக்குச் சிக்கியவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தவரின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இவர்களுக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் நெடுநாள் தொடர்வதே பாதுகாப்பு. மகன் கஞ்சாவோடு பிடிபட்டுவிடுவானோ என்று மருத்துவமனைக்கே வரப் பயப்படும் ஓசூர்ப் பெற்றோருக்கு: போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவோடு வழக்கில் சிக்கிய அடிமை நோயாளி அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பாதியில் ஓடினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

மாவட்ட நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கைக்கு வருகிறோம். 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்; உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். படுக்கைகளைக் கூட்டி மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரம் மலைப் பக்கத்திலிருந்தோ மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க நகரத்துக்கு வருவது ஒரு நாள் கூலியை இழப்பது. அதனால்தான் மூன்றாம் மாதத்தில் வருவது நின்றுபோகிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் அந்தத் திட்டத்தில் மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட், தயமின் மாத்திரைகளையும் சேர்க்கலாம். கல்லீரல் பரிசோதனைக்கான ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கு வரும் நாளை முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். உறையின் மேல் நோயின் பெயர் வேண்டாம். ஊர் வாய் பொல்லாதது. அதோடு திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சென்னை டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை நடத்திவந்ததுபோல், 15 நாள் கிராம சிகிச்சை முகாம்களை அரூர், தேன்கனிக்கோட்டை வட்டங்களில் நடத்திப் பார்க்கலாம். ஊருக்குள்ளேயே சிகிச்சை நடக்கும்போது குடும்பமும் கூட உட்காரும். மாங்காய் சீசன் முடிந்த ஆடி, ஆவணி இதற்குத் தோதான காலம். சீசனில் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

இப்போதே யாரையாவது அழைத்துவர நினைப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ ஓசூர் அரசு மருத்துவமனையிலோ ஓ.பி. சீட்டு போடும்போது "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஒரு பஸ் தூரம்தான். போதை நோய்க்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. வர மறுக்கிறார் என்றால் முதலில் வீட்டார் மட்டும் வந்து பேசலாம், அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். வரும்போது அவர் தினம் எவ்வளவு குடிப்பார் என்று நேரில் பார்த்தவர் ஒருவர் கூட வரட்டும். முன்பு சேர்ந்திருந்த இடங்களின் டிஸ்சார்ஜ் சீட்டு, காலி மாத்திரை அட்டை, சுவர் விளம்பரம் பார்த்து வாங்கிய பொடி மிச்சம் இருந்தால் அது, எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் மருத்துவர் புது மருந்து எழுத முடியாது.

இப்படிக்கு,
குடிநோய் சிகிச்சைப் பணியாளர்கள் சிலர்,
தருமபுரி - காவேரிப்பட்டணம் - ஓசூர்.